நங்கூரமா, கந்தா, முளையா? சீட் பெல்ட் போல்ட் முடுக்கும் இடத்துக்கு ஒரு சொல்

பாளையங்கோட்டை, தொழிற்பயிற்சி ஆசிரியர்:

எல்லாருக்கும் வணக்கம். கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகணும். ஒரே ஒரு சொல்லில் நிற்கிறது.

பட்டறைக்கு வந்திருக்கும் 1967 எம்.ஜி.பி. ரோட்ஸ்டர் காருக்கு மூன்று முனை சீட் பெல்ட் மாட்டுவதைப் பாடமாக எழுதியிருக்கிறேன். வால்வோவில் நில்ஸ் போலின் 1959-இல் கொண்டுவந்த அதே அமைப்புதான். ஆனால் இது கூரையில்லாத வண்டி, தோளருகே தூண் கிடையாது. மேல்முனை பின்சக்கர வளைவில் போகிறது. கீழ்முனைகளில் ஒன்று தரையோரம், மற்றது நடு டனல், அதாவது தரை நடுவே ஓடும் மேடு. மூன்றிலும் 7/16 அங்குல யு.என்.எஃப். (நுண்மரை) போல்ட், தகட்டுக்குப் பின்னால் 3 மில்லி கனத்தில் தாங்குதகடு. தாங்குதகடு இல்லாவிட்டால், மோதும்போது போல்ட் தகட்டைப் பிய்த்துக்கொண்டு வந்துவிடும்.

இந்த மூன்று இடங்களுக்கும் பொதுப்பெயர் வேண்டும். ஆங்கிலத்து ‘ஆங்கர் பாயின்ட்’டை மொழிபெயர்ப்புகளில் ‘நங்கூரப் புள்ளி’ என்று போடுகிறார்கள். “கப்பலுக்கா சார்?” என்றான் ஒரு மாணவன். இன்னொருவன் ‘இருக்கைப்பட்டை’ என்று நான் எழுதியதைப் படித்துவிட்டு, சீட்டின் சட்டத்திலேயே துளை போடக் கிளம்பிவிட்டான். அதுதான் என்னைப் பயமுறுத்துகிறது.

அம்பாசமுத்திரம், ஓய்வுபெற்ற தமிழாசிரியை:

பையன்மேல் தப்பில்லை தம்பி. ‘இருக்கையது பட்டை’ என்று ஆறாம் வேற்றுமையாக விரித்திருக்கிறான். நாம் நினைப்பதோ ‘இருக்கைக்கண் இருப்பாரைப் பிணிக்கும் பட்டை’. உருபும் பயனும் உடன்தொக்க தொகை. தொகையை விரிக்கத் தெரியாதவன் கையில் துளைப்பான் இருக்கிறது, நாம்தான் பார்த்து எழுதணும்.

பட்டையை விட்டுக் ‘கச்சு’ என்போம். முல்லைப்பாட்டின் பாசறைப் பெண்கள் வாளைக் கட்டியிருந்தது கச்சில்தான். யானையின் வயிற்றைச் சுற்றிக் கட்டுவது கச்சை. அந்த யானையைத் தளைக்கும் தூண் ‘கந்து’. மூன்றே எழுத்து. மோதுகிற உடம்பின் வேகத்தைத் தாங்க யானை கட்டிய தூணைவிடப் பொருத்தமான பெயர் வேறென்ன?

தென்காசி, கார் பட்டறை:

டீச்சர், கந்து என்றால் எங்கள் பக்கம் கந்துவட்டிதான் ஞாபகம் வரும். அந்தச் சொல்லால் அழிந்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். உயிரைக் காக்கிற சாமானுக்கு அந்தப் பேர் வேண்டாம்.

‘முளை’ என்று வையுங்கள். மாடு கட்டுகிற முளை. இளகின மண்ணில் அடித்தால் மாடு பிடுங்கிக்கொண்டு போய்விடும். துருப்பிடித்த தரைத்தகடும் இளகின மண்தான். பழைய வண்டியில் முதலில் துருவை வெட்டி எடுத்துப் புதுத்தகடு பற்றவைக்கணும், பிறகுதான் முளை. இது எந்தப் பையனுக்கும் சொல்லாமலே புரியும். பெல்ட் துணிக்கு ‘நாடா’ போதும். நாடாக்கட்டில் தெரியாதவர் உண்டா?

வீரவநல்லூர்:

அண்ணாச்சி, முளை சரி. நாடா வடக்கேயிருந்து வந்த சொல். ‘வார்’ இருக்கிறது. தோலுக்கு மட்டும்தான் என்று தள்ளவேண்டாம். வார்தல் என்றால் நீளுதல், வார்குழல், வார்சடை எல்லாம் அதில் வந்தவை. வார்த்தையையும் இதே வேரில் சேர்க்கலாமா என்று பல நாளாக யோசிக்கிறேன்…

அம்பாசமுத்திரம்:

அது வடமொழி வார்த்தா. சேராது.

வள்ளியூர், பொறியாளர்:

முளை என்றால் மேலே நீட்டிக்கொண்டிருக்கணும். இங்கே இருப்பது ஒரு துளை, பின்னால் நட்டு. ‘பிணைப்பிடம்’ போதும்.

ஆனால் பெயர் வேண்டும் என்பதில் மாற்றமில்லை. 2024 ஆனித் தேரோட்டத்தில் நெல்லையப்பர் தேர்வடம் அறுந்ததை ஊரே பேசியது. வடத்தைத் தேரோடு மாட்டும் இடத்தை யார் பேசினோம்? பேரில்லாத இடத்தை யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை.

வெடுக்கென்று இழுத்தால் பூட்டிக்கொள்ளும் பெல்ட் சுருளுக்குப் பள்ளிப் புத்தகத்து நிலைமத்தை (இனர்ஷியா) வைத்தே ‘நிலைமச் சுருளி’ என்கிறேன்.

தென்காசி:

நிலைமச் சுருளி நல்லா இருக்கு. அதைச் சாய்த்து மாட்டக்கூடாது என்றும் எழுதுங்கள். உள்ளே சின்னக் குண்டோ ஊசலோ இருக்கும். கோணம் தப்பினால் நாடா வரவே வராது, இல்லையென்றால் பூட்டாது. மேல்முளை தோளுக்கு ரொம்பக் கீழே போனாலும் மோதலில் வார் தோளை அமுக்கி, அந்தப் பாரம் முதுகெலும்பில் இறங்கும். ரோட்ஸ்டரில் அதுதான் பெரிய கஷ்டம்.

பாளையங்கோட்டை:

தென்காசியும் வீரவநல்லூரும் முளை, வள்ளியூர் பிணைப்பிடம், டீச்சர் கந்து. ‘சீட் பெல்ட்’ அப்படியே இருக்கட்டும். அணியாவிட்டால் ஆயிரம் ரூபாய் என்று போலீஸ்காரர் சொல்வதும் அந்தப் பேரைத்தான். பெல்ட் துணிக்கு நாடா, வார் இரண்டையும் சேர்த்துவிட்டேன். ‘முளை’ என்று எழுதி, முதல் இடத்தில் மட்டும் ‘வண்டி உடம்பில் பெல்ட்டைப் பிணைக்கும் இடம், சீட்டில் அல்ல’ என்று சேர்த்திருக்கிறேன்.

அம்பாசமுத்திரம்:

அந்தக் கடைசி இரண்டு சொல்லுக்காக ஒப்புக்கொள்கிறேன் தம்பி. முளைக்கு அல்ல. சொல்லடைவில் கந்துக்கும் ஒரு வரி இடம் விடு.