கேட்டதுக்குத்தானே உண்மையைச் சொன்னேன், அப்புறம் ஏன் கோபம்?

நிலாமுற்றம்:
போன மாசம் மீட்டிங்ல மேனேஜர் "மனசுல இருக்கறத ஓப்பனா சொல்லுங்க, சொன்ன தேதிக்குள்ள முடிச்சிடலாமா"ன்னு கேட்டார், எல்லாரும் தலையாட்டினாங்க, நான் மட்டும் முடியாது சார் டெஸ்டிங்கே இன்னும் ஆரம்பிக்கலைன்னு சொன்னேன். அவர் லேப்டாப்பை மூடிட்டு "நெகட்டிவா பேசாதீங்க"ன்னார். அடுத்த மீட்டிங்குக்கு என்னைக் கூப்பிடவே இல்ல. அதைவிட வலிச்சது, அன்னிக்கு தலையாட்டின ஒருத்தர் சாயங்காலம் லிஃப்ட்கிட்ட வந்து "நீங்க சொன்னது கரெக்ட்தாங்க"ன்னு மெதுவா சொன்னாரே, அதுதான். அங்கேயே சொல்லியிருக்கலாம்ல?

கடல்காத்து:
உண்மையை ஒத்துக்கிட்டா கூடவே தன் தப்பையும் ஒத்துக்கணுமேங்க, அங்கதான் இடிக்குது. செம்மல்வைஸ்னு ஒரு டாக்டர், 1847ல வியன்னா ஆஸ்பத்திரில, பிணத்தை அறுத்துப் பாத்த கையோட பிரசவம் பாக்க வராதீங்க, குளோரின் தண்ணில கழுவிட்டு வாங்கன்னார். ஏப்ரல்ல நூத்துக்கு 18 தாய்மார் செத்த வார்டுல ஜூன்ல 2 ஆச்சு. கணக்கு கண்ணு முன்னாடி இருந்தும் பல டாக்டருங்க ஏத்துக்கல. ஏத்துக்கிட்டா இத்தனை நாளா நம்ம கையாலதான் அவங்க செத்தாங்கன்னு ஆயிடும், எந்த டாக்டர் மனசு அதைத் தாங்கும்? உங்க மேனேஜரும் அந்தத் தேதியை மேலிடத்துல வாக்கு குடுத்துட்டு வந்திருப்பார்.

பழைய சைக்கிள்:
நாலு பேர் முன்னாடி சொன்னதுதான் பிரச்சனைன்னு தோணுது. தனியா போய் சொல்லியிருந்தா கேட்டிருப்பார்.

கடல்காத்து:
எனக்கு அப்படித் தோணல நண்பா. அமெரிக்காவோட நாசா அனுப்பின சேலஞ்சர் விண்கலம் கிளம்பறதுக்கு முந்தின ராத்திரி, அதை மேல தள்ளற பூஸ்டர் ராக்கெட்டைச் செஞ்ச கம்பெனி எஞ்சினியருங்க போன் மீட்டிங்லதான் சொன்னாங்க, இந்தக் குளிர்ல பூஸ்டர் இணைப்புல இருக்கற ரப்பர் வளையம் சரியா அடைக்காது, வேண்டாம்னு. கம்பெனியும் நாசாவும் மட்டும்தான், வெளியாள் யாரும் இல்ல. முதல்ல அந்த எஞ்சினியருங்க பக்கம் நின்ன கம்பெனி நிர்வாகமே கடைசில மாத்திப் பேசிடுச்சு. மறுநாள், 1986 ஜனவரி 28, கிளம்பின 73 வினாடில 7 பேர் போயிட்டாங்க. அப்புறம் விசாரணைல உள்ளதைச் சொன்ன ரோஜர் பாய்ஜோலியை, அந்த எஞ்சினியருங்கள்ல ஒருத்தர் அவர், கூட வேலை பாத்தவங்களே ஒதுக்கினாங்க. சொன்னது சரின்னு ஆனதுக்கு அப்புறமும்! அதை நினைச்சா இன்னிக்கும் மனசு ஆறல.

பழைய சைக்கிள்:
இது எனக்குத் தெரியாது. அப்போ தனியா, கூட்டத்துலங்கறது விஷயமே இல்ல, எத்தனை பேர் கூட நிக்கறாங்கங்கறதுதான் போல.

நிலாமுற்றம்:
தேதி ஏற்கனவே கிளையன்ட்டுக்குப் போயிடுச்சுன்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது, கடல்காத்து சொன்னது அப்படியே நடந்திருக்கு. நாளைக்கு லிஃப்ட்கிட்ட பேசினவரைப் பாத்து, அடுத்த தடவை நான் வாயைத் திறக்கும்போது நீங்களும் ஒரு வார்த்தை சொல்வீங்களான்னு நேராவே கேக்கப் போறேன்.