புதுப்பிப்பு: தோட்டத்துக்கு ரெடிமேடு கேபின் முடிவாகிவிட்டது

கரண்ட் கம்பி எட்டாத எங்கள் தர்மபுரித் தோட்டத்துக்குக் கன்டெய்னர் வீடா, பஃப் பேனல் (நுரை அடைத்த தகட்டுப் பலகை) கேபினா என்று முன்பு கேட்டிருந்தேன். பேனல் கேபினையே எடுக்கிறோம், 20க்கு 10 அடி. கன்டெய்னர் உறுதிதான்; ஆனால் அகலம் 8 அடி, உள்ளே வெப்பத்தடுப்பு அடித்தால் இன்னும் குறையும். பஃப் சுவரில் இரண்டு தகடுகளுக்கு நடுவே நுரை இருப்பதால் சித்திரை வெயில் மெதுவாகத்தான் உள்ளே இறங்கும். கூரைக்கு மட்டும் தடிமன் கூட்டிக் கேட்டிருக்கிறேன்.

வயரிங், கழிப்பறை எல்லாம் பொருத்தியே வரும். செப்டிக் டேங்க், சோலார் நம் பொறுப்பு. 1 கிலோவாட் சோலார் நாளுக்குச் சுமார் 4 யூனிட் தரும். விளக்கு, ஃபேன், சின்ன ஃபிரிட்ஜுக்குப் போதும். ஏசி வேண்டாம் என்று முடிவு. அப்புறம், வாங்குகிறவர்கள் கேபினை இறக்க வரும் கிரேன் திரும்ப இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எங்கள் வண்டிப்பாதையில் தாழ்ந்த வேப்பங்கிளையைக் கழித்த பிறகுதான் கேபின் கம்பெனிக்காரர்கள் டெலிவரி தேதி தருவார்களாம்.