முன் ஸ்பாய்லர் அடிக்கடி உரசுகிறது: பழுது பார்ப்பதா, மாற்றுவதா, தடுப்பதா?

பெசன்ட்நகர்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். 2014ஆம் ஆண்டு போர்ஷே பாக்ஸ்டர் (981) ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கிச் சென்னையில் ஓட்டி வருகிறேன். சஸ்பென்ஷனில் எந்த மாற்றமும் செய்யவில்லை. கம்பெனியிலிருந்து வந்த உயரத்திலேயே வண்டி நிற்கிறது. காற்றழுத்தத்தைச் சரிபார்த்து, சமதளத்தில் நிறுத்தி அளந்தபோது, பம்பருக்கு அடியில் இருக்கும் கறுப்பு லிப்பின் (அதுதான் முன் ஸ்பாய்லர்) கீழ்விளிம்பு தரையிலிருந்து 11 செ.மீ. உயரத்தில் இருந்தது. முன் சக்கரத்தின் மையத்திலிருந்து அந்த விளிம்பு ஏறத்தாழ 90 செ.மீ. முன்னால் நீண்டிருக்கிறது.

சேதம் மூன்று விதமாக இருக்கிறது. முதலாவதாக, கறுப்பு லிப்பின் அடிப்பக்கம் முழுவதும் தேய்ந்து, வெளிறி, நார் நாராகத் தொங்குகிறது. இரண்டாவதாக, வலது மூலையில் பெயிண்ட் அடித்த பம்பரிலேயே உள்ளங்கை அளவுக்குச் சிராய்ப்பு ஏற்பட்டு, ப்ரைமரையும் தாண்டிப் பிளாஸ்டிக் தெரிகிறது. மூன்றாவதாக, ஒரு வணிக வளாகத்தின் பார்க்கிங்கிலிருந்து ரிவர்ஸ் எடுத்தபோது, சக்கரத்தைத் தடுக்க வைத்திருந்த சிமெண்ட் கட்டையில் லிப் மாட்டி, வலப்பக்கத்துக் கிளிப்புகள் கழன்றுவிட்டன.

இவற்றில் எதை உடனே சரிசெய்ய வேண்டும், எதை அப்படியே விடலாம்? இணையத்தில் விற்கும் ஒட்டு ரப்பர் பட்டைகள் உண்மையில் பயன் தருமா? இன்னொரு சிக்கல், என் வீட்டு வாசல். சாலையை மேலும் மேலும் உயர்த்திப் போட்டதாலும், வெள்ளத்துக்குப் பிறகு வீட்டின் தரைமட்டத்தை ஏற்றியதாலும், வாசல் சரிவு 2 மீட்டர் நீளத்துக்குள் 40 செ.மீ. ஏறுகிறது. எத்தனை மெதுவாக ஏறினாலும் அங்கே உரசாமல் இருப்பதில்லை.

கோணமானி எழுதியது:

அளவுகளோடு கேட்டதற்கு நன்றி. அவை இல்லாமல் இதற்குப் பதில் சொல்வது கடினம். பழியை முதலில் வேகத்தடைகளின் மேல் போடுவதுதான் வழக்கம் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

இந்தியச் சாலைப் பேராயத்தின் ஐஆர்சி 99 வழிகாட்டுதலின்படி கட்டப்பட்ட வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும், நடுவில் 10 செ.மீ. உயரமும், 17 மீட்டர் ஆரமும் கொண்ட ஒரு மெல்லிய வில். அதன் தொடக்க விளிம்பில் உங்கள் முன் சக்கரம் நிற்கும் கணத்தில், 90 செ.மீ. முன்னால் இருக்கும் லிப்புக்கு நேர்கீழே மேடு 7.4 செ.மீ.தான் எழும்பியிருக்கும். உங்கள் லிப் 11 செ.மீ. உயரத்தில் இருப்பதால் 3.6 செ.மீ. இடைவெளி மிஞ்சுகிறது. வயிற்றுப் பகுதிக்கும் ஆபத்தில்லை, 2,475 மி.மீ. இடைவெளியுள்ள உங்கள் இரு அச்சுகளுக்கு நடுவே அந்த வில் உயர்வது சுமார் 4.5 செ.மீ. மட்டுமே. ஆகவே முறைப்படி கட்டிய வேகத்தடை உங்கள் வண்டியைத் தொடவே கூடாது.

தொடுகிறது என்றால் இரண்டில் ஒன்று நடந்திருக்கிறது. ஒன்று, அது முறைப்படி கட்டப்பட்டதன்று. தெருவில் யாரோ தார் குவித்து, 1 மீட்டர் அகலத்தில் 15 செ.மீ. உயரத்துக்கு எழுப்பிய மேட்டில், சக்கரம் சேர்வதற்கு முன்பே லிப் மோதிவிடும். அங்கே எந்த ஓட்டுநர் திறமையும் உதவாது, வேறு தெரு வழியாகப் போவதுதான் வழி. மற்றொன்று, மேட்டின் மேல் ஏறும்போதும் நீங்கள் பிரேக்கை மிதித்தபடியே இருக்கிறீர்கள். பிரேக் பிடித்தால் மூக்கு தாழும்; அந்த 3.6 செ.மீ. இடைவெளியில் பெரும்பகுதியை அதுவே தின்றுவிடும். மேட்டுக்கு ஒரு வண்டி நீளத்துக்கு முன்பே வேகத்தை முழுவதுமாகக் குறைத்துவிட்டு, பிரேக்கிலிருந்து காலை எடுத்து, ஸ்பிரிங் நிமிர்ந்த பிறகு உருண்டு ஏறிப் பாருங்கள். இறங்கும்போதும் அப்படியே.

உங்கள் வண்டியில் எஞ்சின் இருக்கைகளுக்குப் பின்னால் இருக்கிறது. பெட்ரோல் டேங்கும் ஒரு சாமான் அறையும் முன்னால் இருக்கின்றன. டேங்கை நிரப்பி, முன் அறையில் பெட்டிகளையும் அடுக்கிவிட்டுக் கிழக்குக் கடற்கரைச் சாலைக்குக் கிளம்பினால், நீங்கள் அளந்த 11 செ.மீ. அப்போது இருக்காது. கனமான பெட்டியைப் பின் அறைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

இனி வாசல் சரிவு. 2 மீட்டரில் 40 செ.மீ. என்றால் ஐந்துக்கு ஒன்று. அடிவாரத்தில் சக்கரம் நிற்கும்போது லிப்புக்குக் கீழே சரிவு 18 செ.மீ. உயர்ந்திருக்கும்; 11 செ.மீ. லிப் எப்படித் தப்பும்? மேலே போய்ச் சமதளத்தில் சேரும் முனையிலும் வயிற்றுப் பகுதி 12 செ.மீ. அளவுக்கு மேட்டைச் சந்திக்கிறது. அடித்தகட்டையும் ஒருமுறை குனிந்து பாருங்கள். பலர் அடிவாரத்தில் மட்டும் 1 மீட்டர் நீளத்துக்குச் சிமெண்ட் பூசி, பத்துக்கு ஒன்று என்று சரிவைக் குறைத்துக்கொள்கிறார்கள். அது போதாது. முன் சக்கரம் அந்தப் பூச்சின் முடிவை அடையும்போது பின் சக்கரம் இன்னும் சமதளத்திலேயே இருப்பதால் மூக்கு போதுமான அளவு நிமிர்ந்திருக்காது. லிப் சாலைமட்டத்திலிருந்து 24.6 செ.மீ. உயரத்தில் இருக்க, அதற்கு நேர்கீழே சரிவு 28 செ.மீ. உயரத்தை எட்டியிருக்கும். உரசும் இடம் மாறுமே ஒழிய உரசல் நிற்காது. முழுச் சரிவையுமே பத்துக்கு ஒன்றாக்கி 4 மீட்டருக்கு நீட்டினால் லிப்பும் தப்பும், வயிறும் தப்பும். கூடுதலாக வேண்டிய 2 மீட்டரைக் கேட்டுக்கு உள்பக்கம், போர்ட்டிகோவின் தரையை வெட்டி எடுத்துக்கொள்ள வேண்டும். சாலைப் பக்கம் நீட்டினால் மழைநீர் வடிகாலை அடைப்பதாகும், அதை மாநகராட்சி இடித்தாலும் கேட்க முடியாது.

பட்டறைக்காரர் எழுதியது:

கோயம்புத்தூரில் பாடி, பெயிண்ட் வேலை செய்யும் பட்டறை நடத்துகிறேன். கோணமானி அவர்களின் கணக்கோடு எனக்கு வேறுபாடில்லை. பழுதைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

கறுப்பு லிப் உரசுவதற்காகவே வைக்கப்பட்ட பாகம். பெயிண்ட் அடிக்காமல், வளையும் பிளாஸ்டிக்கில், தனியாகக் கழற்றி மாட்டும்படி அதைச் செய்திருப்பதன் காரணமே பம்பருக்குப் பதிலாக அது அடிவாங்க வேண்டும் என்பதுதான். அதன் அடிப்பக்கம் தேய்ந்திருப்பது பழுதன்று. தொங்கும் நார்களைக் கூர்மையான கத்தியால் சீவிவிட்டு விட்டுவிடுங்கள். அதன் மேல் பட்டி போட்டுப் பெயிண்ட் அடிக்கச் சொல்லி வருபவர்களை நான் திருப்பி அனுப்பிவிடுவேன். அடுத்த உரசலிலேயே அது செதில் செதிலாக உரிந்து, முன்பைவிட அசிங்கமாகத் தெரியும்.

ஆனால் லிப் கழன்று தொங்கியபடி வண்டியை ஓட்டாதீர்கள். அது வெறும் அழகுக்காக வைத்ததும் அன்று. காற்று அடிவயிற்றுக்குள் நுழையாமல் தடுத்துத் திருப்புவது அதன் வேலை. 1997 முதல் 2004 வரை வந்த செவ்ரோலே கார்வெட்டில் ரேடியேட்டருக்கான காற்றே பம்பருக்கு அடியிலிருந்துதான் போகும். அங்கே தொங்கும் ரப்பர் போன்ற தடுப்பு கிழிந்துபோனால் நெடுஞ்சாலையில் எஞ்சின் சூடேறும். உங்கள் வண்டி அந்த அளவுக்கு லிப்பை நம்பியிருக்கவில்லை. என்றாலும் பம்பரின் இரு மூலைகளுக்குப் பின்னால் ரேடியேட்டர்களும், அவற்றுக்கு முன்னால் ஏசி கண்டென்சர்களும் இருக்கின்றன. வலது மூலை அடிவாங்கியிருப்பதால், கிளிப் மாட்டும் சாக்கில் டார்ச் அடித்து அந்தப் பக்கத்துக் கண்டென்சரின் தகடுகள் நசுங்கியிருக்கின்றனவா, எண்ணெய்க் கசிவு தெரிகிறதா என்று பாருங்கள். உள்ளே சேர்ந்திருக்கும் சருகுகளையும் வாரி எடுத்துவிடுங்கள்.

கிளிப் கழன்றதைக் குறித்து ஒன்று: முன்னோக்கிப் போய் உரசும்போது லிப் பின்னால் மடிந்து கொடுக்கும், ரிவர்ஸில் மாட்டினால் அது முன்னால் இழுக்கப்பட்டுப் பிய்ந்து வரும். எங்களிடம் லிப் பிய்ந்து வரும் வண்டிகள் பெரும்பாலும் பார்க்கிங் கட்டையிலிருந்து பின்னால் எடுத்தவைதான். சக்கரம் கட்டையைத் தொடும்வரை போகாமல் ஓரடி முன்பே நிறுத்திக்கொள்ளுங்கள். கிளிப்பின் துளை கிழியாமல் இருந்தால் புதுக் கிளிப்புகளே போதும்.

வலது மூலைச் சிராய்ப்புதான் உண்மையில் வேலை. பம்பரின் உள்பக்கத்தில், எந்தப் பிளாஸ்டிக் என்பதைக் குறிக்கும் எழுத்துகள் வார்த்திருப்பார்கள். அதைப் படித்துச் சொல்லுங்கள், மீதியை எழுதுகிறேன்.

மலைப்பாதை எழுதியது:

ஒட்டுப் பட்டை பற்றிக் கேட்டிருந்தீர்கள். ரப்பர் பட்டையில் எனக்கு நம்பிக்கையில்லை. ரப்பர் தரையைப் பற்றும், பற்றினால் பிய்யும். நம் ஊர் வெயிலில் அதன் இருபக்கப் பசையும் நெடுநாள் தாங்காது. நான் வைத்திருப்பது யூஎச்எம்டபிள்யூ பாலிஎத்திலீன் தகடு. தொழிற்சாலைகளில் சறுக்குப் பாதைகளுக்குப் பயன்படுத்தும் வழுக்கலான பிளாஸ்டிக் அது. 3 மி.மீ. தகட்டை வெட்டி, லிப்பின் அடியில் ரிவெட் அடித்துவிட்டேன். தேய்ந்தால் தகட்டை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

வசதி இருந்தால் முன்பக்கத்தைத் தூக்கும் அமைப்புதான் சிறந்த தீர்வு. 911 வண்டியில் 2021 மாடல் முதல் கிடைக்கும் ஸ்மார்ட்லிஃப்ட், முன்பக்கத்தைச் சுமார் 40 மி.மீ. தூக்குவதோடு, தூக்கிய இடத்தை ஜிபிஎஸ் வழியாக நினைவில் வைத்துக்கொண்டு அடுத்த முறை தானாகவே தூக்கிவிடுகிறது. உங்கள் வண்டிக்கு வெளிப் பட்டறையில்தான் பொருத்த வேண்டும். காயில்ஓவருக்கு (உயரத்தை மாற்றக்கூடிய ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் அமைப்பு) மாறி, ஸ்பிரிங்குக்கு மேல் காற்றுக் கிண்ணம் வைத்து, முன் அறையில் கம்ப்ரசரும் வைக்க வேண்டியிருக்கும்.

பட்டறைக்காரர் எழுதியது:

மலைப்பாதை அவர்கள் மன்னிக்க வேண்டும். தகட்டுக்கு நான் எதிரியல்லன், ரிவெட்டுக்குத்தான் எதிரி. லிப் வளைந்து கொடுப்பதால்தான் பம்பர் தப்பிக்கிறது. அதன் நீளம் முழுவதும் விறைப்பான ஒரே தகட்டை ரிவெட் அடித்துக் கட்டிவிட்டால் வளைவது நின்றுபோய், விசை நேராகப் பம்பரின் மாட்டும் காதுகளுக்குப் போய்ச் சேரும். காது உடைந்தால் பம்பரையே மாற்ற வேண்டும். வைக்கத்தான் வேண்டுமென்றால், கையளவு துண்டுகளாக வெட்டி இடைவெளி விட்டு, தலை உள்ளே அமிழும்படி திருகாணி போட்டு வையுங்கள். 11 செ.மீ. உயரத்தில் 3 மி.மீ. போவது பெரிய இழப்பன்று.

ஆவணப்பெட்டி எழுதியது:

யாராவது "இன்சூரன்ஸில் போட்டுவிடுங்கள்" என்று சொல்வதற்கு முன் ஒரு சொல். சாதாரண முழுக்காப்பில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்கு 50 விழுக்காடு தேய்மானம் கழிப்பார்கள். உங்கள் வண்டி 1,500 சிசிக்கு மேல் என்பதால், ஒவ்வொரு முறையும் 2,000 ரூபாய் கட்டாயமாக உங்கள் கையிலிருந்து போகும். தேய்மானம் கழிக்காத கூடுதல் காப்பு இவ்வளவு வயதான வண்டிக்குப் பெரும்பாலும் கிடைப்பதில்லை. கோரிக்கை வைத்தால் நோ கிளெய்ம் போனஸும் போய்விடும். அது முதலாண்டில் 20 விழுக்காட்டில் தொடங்கி 50 விழுக்காடு வரை ஏறும் தள்ளுபடி. பல நாள் உரசி உரசித் தேய்ந்ததை விபத்தாக அவர்கள் ஏற்கவும் மாட்டார்கள். ஒரு மூலைக்குப் பெயிண்ட் அடிக்கும் செலவுக்காக அந்தப் போனஸை இழக்க வேண்டாம். வெளியில் லிஃப்ட் பொருத்துவதாக இருந்தால், காப்பீட்டு நிறுவனத்துக்கு முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

பெசன்ட்நகர்வாசி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. கண்டென்சரில் நசுங்கலோ கசிவோ இல்லை. சருகுதான் ஒரு பை நிறைய வந்தது. கிளிப் துளைகள் கிழியவில்லை. பம்பரின் உள்பக்கத்தில் பிபி, இபிடிஎம், டிடி20 என்று எழுதியிருக்கிறது. வாசல் சரிவுக்குக் கொத்தனாரை வரச்சொல்லியிருக்கிறேன்.

பட்டறைக்காரர் எழுதியது:

அது ரப்பர் கலந்த பாலிப்ரோப்பிலீன். டிடி20 என்பது 20 விழுக்காடு டால்க் தூள் சேர்த்தது. இந்தப் பிளாஸ்டிக்கில் பெயிண்ட் தானாக ஒட்டாது. சோப்பு நீரால் கழுவி, மெழுகு, சிலிக்கான் நீக்கும் திரவத்தால் துடைத்த பிறகே உப்புத்தாளைத் தொட வேண்டும். இல்லாவிட்டால் மெழுகைச் சிராய்ப்புக்குள்ளேயே தேய்த்து ஏற்றுவதாகிவிடும். 320 எண் தாளில் ஓரங்களைச் சரிவாக்கி, 600இல் முடியுங்கள். அழுத்தித் தேய்த்தால் இது பஞ்சு போல நார் எழுப்பும், ஆகவே இலேசான கையோடு தேய்க்க வேண்டும். பிளாஸ்டிக் வெளியே தெரியும் இடம் முழுவதும் ஒட்டுதலுக்கான பிளாஸ்டிக் ப்ரைமர், பள்ளம் இருந்தால் வளையும் பட்டி, அதன் மேல் கலர், கடைசியாகக் கிளியர் (நிறமில்லாத மேல்பூச்சு). தகரத்துக்குப் போடும் சாதாரணப் பட்டியைப் போட்டால் பம்பர் ஒருமுறை வளைந்ததும் தெறித்துவிடும். கிளியரைச் சிராய்ப்பு இருந்த இடத்தோடு நிறுத்தாமல், அந்தப் பம்பரின் ஏதாவது ஒரு மடிப்பு வரைக்கும் கொண்டுபோய் முடிக்கச் சொல்லுங்கள். நடுவில் முடித்தால் சில மாதங்களில் விளிம்பு வளையமாகத் தெரியும்.

வாசல் வேலை முடிந்த பிறகு பெயிண்டுக்கு விடுங்கள், அதற்கு முன் வேண்டாம்.