'ரன்' என்றால் ஓடுவது மட்டும்தானா?

மழைக்காகம்: மேலாளர் 'ரன் இட் பை மீ ஃபர்ஸ்ட்' என்று எழுதியிருந்தார், புரோகிராமை ஓட்டிக் காட்டச் சொல்கிறார் போல என்று லேப்டாப்போடு போய் நின்றேன், சிரித்துவிட்டார். இந்தச் சொல்லுக்கு எத்தனை அர்த்தம்தான் இருக்கிறது?

திண்ணை: 'முதலில் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடு' என்பதுதான் அது. கூட ஒட்டுகிற சொல்தான் ஆளைக் கவிழ்க்கும். 'ரன் அவுட்' கிரிக்கெட்டில் ஒன்று, வீட்டில் பால் தீர்ந்தால் வேறு. 'ரன் இன்டு' என்றால் தெரிந்தவரைத் தற்செயலாகச் சந்திப்பது, ஆனால் காரில் போனவர் சொன்னால் எதிலோ மோதிவிட்டார்!

பழையபேனா: 1989இல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியின் இரண்டாம் பதிப்பில் 'செட்'டுக்குத்தான் முதலிடம், 430 பொருள். அப்புறம் திருத்தியபோது 'ரன்' முந்திவிட்டது, வினைச்சொல்லாக மட்டும் 645. தேர்தலைப் பாருங்கள், அமெரிக்காவில் வேட்பாளர் 'ரன்' பண்ணுவார், பிரிட்டனில் 'ஸ்டாண்ட்' பண்ணுவார், நாமும் நிற்கிற கட்சிதான்.

மழைக்காகம்: 645ஆ! சரி, லேப்டாப்போடு போனதில் தப்பே இல்லை.

திண்ணை: நம் 'ஓடு' மட்டும் என்னவாம்? ஃபேன் ஓடுகிறது, படம் நூறு நாள் ஓடுகிறது, மனசில் என்னமோ ஓடுகிறது, கூரையிலும் ஓடு, ஆமைக்கும் ஓடு. மூக்கு மட்டும் ஆங்கிலத்தில் ஓடும், நமக்கு ஒழுகும்.