புதுப்பிப்பு: பெங்களூருக்கு வெளியே அந்தக் கல்வட்டம்

மூன்று வாரங்களுக்கு முன், தேவனஹள்ளிப் பக்கம் ஒரு பெருங்கற்கால ஈமமேட்டின் (இறந்தவர்களைப் புதைத்த இடத்தின் மேல் எழுப்பிய, கல்வட்டம் சூழ்ந்த மேடு) ஓரத்தைப் பொக்லைன் கிளறியிருந்ததைப் பார்த்து இங்கே எழுதியிருந்தேன். நேற்று மறுபடியும் போய்வந்தேன்.

மேடு இருக்கிறது! வட்டத்தில் இரண்டு கற்கள் பெயர்ந்து கிடக்கின்றன. நடுவிலுள்ள கல்பதுக்கையின், அதாவது கற்பலகைகளால் பெட்டிபோல் அமைத்த கல்லறையின், மூடுகல் அசையவில்லை. பெயர்ந்தவற்றை நான் தொடவில்லை. கல் கிடக்கும் இடமும் மண்ணின் அடுக்கும்தான் ஆய்வாளருக்குச் சான்று. நல்லெண்ணத்தோடு நிமிர்த்தி வைத்தாலும் அது அழிந்துவிடும்.

“பழஞ்சின்னத்திலிருந்து நூறு மீட்டருக்குள் எதுவும் கட்டக் கூடாதே?” என்று பலர் கேட்டிருந்தீர்கள். 1958ஆம் ஆண்டுத் தொன்மைச் சின்னங்கள் பாதுகாப்புச் சட்டத்தில் 2010இல் சேர்ந்த அந்தத் தடை, தேசிய முக்கியத்துவம் பெற்றதாக அறிவிக்கப்பட்ட சின்னங்களுக்கு மட்டும். கொப்பள் மாவட்டத்து ஹிரேபெணகல் கல்திட்டைகளுக்கு (தரைக்கு மேல் கற்பலகைகளால் கட்டிய பெருங்கற்கால ஈமச்சின்னங்கள்) அந்தக் காப்பு உண்டு. 2021இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. நம் மேட்டுக்கு எந்த அறிவிப்பும் இல்லை. என்னை உறங்கவிடாதது இதுதான்.

ஆகவே படங்கள், அளவுகள், சர்வே எண்ணோடு தொல்லியல் துறைக்கு மனு கொடுத்துவிட்டேன். பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர், மூன்று தலைமுறைக்கு முன் தருமபுரியிலிருந்து வந்த குடும்பம், “எங்க தாத்தா இந்த மேட்டில் ஏர் ஓட்டவே மாட்டார், தம்பி” என்றார். இத்தனை காலம் காத்தது அந்த மரியாதைதான். பொக்லைன் வந்தால் உடனே கூப்பிடுவதாகச் சொல்லி என் எண்ணை வாங்கிக்கொண்டார்.

புதையல் தேடிகள் வரக்கூடும். சரியான இடத்தை இங்கே கேட்காதீர்கள்.