பூனை மணல் பெட்டியை விட்டுவிட்டு மெத்தையில் போகிறது

செங்கோட்டைக்காரி:
சாரல் தொடங்கியதிலிருந்து எங்கள் கடுவன் பூனை மணல் பெட்டியைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை, நேரே மெத்தைதான், ஃபினாயில் போட்டுத் துடைத்தும் நாற்றம் போகவில்லை. என்ன செய்ய?

புளியரை வாசி:
முதலில் ஃபினாயிலை நிறுத்துங்கள், பூனைக்கு அது விஷம். நொதி கலந்த கிளீனர் போடுங்கள். மணல் ஈரம் கட்டியிருக்கும். எங்கள் வீட்டுப் பூனை ஈர மணலில் ஒரு காலை வைத்து, உதறிவிட்டு, திரும்பிவிடும்.

தென்மலை:
அடிக்கடி உட்கார்ந்து முக்கியும் சொட்டுச் சொட்டாகத்தான் வருகிறதா? கடுவனுக்கு மூத்திரப் பாதை அடைத்தால் ஓரிரு நாளில் உயிருக்கே ஆபத்து, இன்றே டாக்டரிடம் காட்டுங்கள்.

செங்கோட்டைக்காரி:
இல்லை அண்ணா, தாராளமாகப் போகிறான்! மணல்தான் சொதசொதவென்று இருக்கிறது.

தென்மலை:
சரி, மணலை மாற்றுங்கள், பெட்டி ஜன்னலோரத்தில் இருந்தால் சாரல் படாத இடத்துக்கு நகர்த்துங்கள். அப்புறம், ஒரு பூனைக்கு 2 பெட்டி வைப்பது நல்லது.