ஜப்பானின் செய்ஷுன் 18 ரயில் டிக்கெட்டை இன்னும் தலையில் வைத்துக் கொண்டாடுபவர்களுக்கு

கரிவண்டி:
ஷிகோகு தீவு பற்றிய திரியில் மெல்லநடை எழுதியிருக்கிறார்: "ஜப்பான் கிராமங்களை ஆற அமரப் பார்க்க செய்ஷுன் 18-ஐ விட்டால் வேறு வழியில்லை." எந்தக் காலத்தில் இருக்கிறார்? முன்பு 12,050 யென்னுக்கு ஐந்து நாள் ஜேஆர் (ஜப்பான் ரயில்வே) லோக்கல் வண்டிகளில் எவ்வளவு வேண்டுமானாலும் போகலாம். இன்று ஒரு நாள், அடுத்த வாரம் ஒரு நாள் என்று முத்திரை குத்திக்கொள்ளலாம். 2024 குளிர்காலத்திலிருந்து தொடர்ச்சியாக 5 நாள், இல்லையென்றால் 10,000 யென்னுக்குத் தொடர்ச்சியாக 3 நாள். தொடர்ச்சியாக! ஓர் ஊரில் இரண்டு நாள் தங்கினால் டிக்கெட் பையில் தூங்கும். இதுவா ஆற அமர?

மெல்லநடை:
12,050-ஐ ஐந்தால் வகுத்தால் நாளுக்கு 2,410. ஷின்கான்சென் எனும் புல்லட் ரயில் கிடையாது, எக்ஸ்பிரஸ் கிடையாது, லோக்கல் வண்டி மட்டும். கோனோ லைனில் ஜப்பான் கடலை ஒட்டி ஊர்ந்துபோய்ப் பாருங்கள், இந்தப் புலம்பல் வராது.

கரிவண்டி:
வகுத்தல் எனக்கும் தெரியும் ஐயா. அதே லைனில் ஃபுகௌரா ஊரில் இறங்கி இரண்டு நாள் கடல் பார்த்தால் உங்கள் 2,410 என்ன ஆகும்? தொடர்ச்சி என்ற சொல்லைக் கவனமாகத் தாண்டிப் போகிறீர்கள்.

புதுப்பயணி:
இது 18 வயதுக்காரர்களுக்கு மட்டும்தானே?

கரிவண்டி:
இல்லை. 1982-இல் வந்ததிலிருந்தே வயது வரம்பு கிடையாது. கேள்வி கேட்கும் முன் தேடிப் பார்க்கலாம். மெல்லநடை, பதில்?

ஒசாகாக்காரன்:
இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2024 மார்ச்சில் ஹொகுரிகு ஷின்கான்சென் சுருகா வரை நீண்டதும், கனாசாவா–சுருகா பழைய பாதை ஜேஆரை விட்டுப் போய்விட்டது. சில விலக்குகள் தவிர அங்கே இந்த டிக்கெட் செல்லாது, தனிக் காசு.

கரிவண்டி:
ஆக, தொடர்ச்சியாக ஓடவும் வேண்டும், நடுவில் காசும் கட்ட வேண்டும். அருமை.

மெல்லநடை:
ஐசு பக்கத்து மலைப்பாதையான ததாமி லைனைப் பற்றி ஏன் வாயே திறக்கவில்லை? 2011 மழையில் பாலங்கள் போய், 2022 அக்டோபர் 1-இல்தான் முழுப் பாதையும் மறுபடி திறந்தது. ஐசு-கவாகுச்சிக்கும் ததாமிக்கும் நடுவில் நாளுக்கு மூன்றே ஜோடி வண்டிகள். ஒன்றை விட்டால் நீங்கள் விரும்பாவிட்டாலும் ஆற அமரத்தான் உட்கார வேண்டும்.

கரிவண்டி:
வண்டியை விட்டுவிட்டு உட்கார்வதற்குப் பெயர் காத்திருப்பு. முதலாம் ததாமி ஆற்றுப் பாலத்தைப் பார்க்கும் மேட்டுக்குப் போயிருக்கிறீர்களா? பச்சை ஆறு, மேலே பனிமூட்டம், முக்காலியோடு ஒரு கூட்டம். இரண்டு பெட்டி வண்டி கடந்து முடிவதற்குள் பாதிப் பேர் காமிராவை உறையில் போட்டாயிற்று. அடுத்த நிமிடம் காரில் ஏறிவிடுகிறார்கள். டிக்கெட்டும் அந்தப் புத்தியைத்தான் வளர்க்கிறது. தொடர்ச்சியாக.

மெல்லநடை:
அப்படியானால் கார்தான் சரி என்கிறீர்கள்?

கரிவண்டி:
எங்கே சொன்னேன்? எடுத்துக் காட்டுங்கள்.

புளியோதரை:
சைவக்காரர்கள் ஐசு பக்கம் என்ன சாப்பிடுவது? சோபா நூடுல்ஸ் போதுமா?

மெல்லநடை:
தாராளமாக. கோதுமை, பக்வீட் மாவுதானே.

ஒசாகாக்காரன்:
தாராளமாகவா! நூடுல்ஸ் சைவம்தான், தொட்டுக்கொள்ளும் சாறு? அதில் பெரும்பாலும் கட்சுவோ மீன் சீவலை ஊறவைத்து இறக்கியிருப்பார்கள். மீன் துண்டு கண்ணில் படாது, அவ்வளவுதான். சைவம்தான் முக்கியமென்றால் கோயாசான் மலையின் பௌத்த மடங்களில் தங்குங்கள், ஷோஜின் எனும் மடத்துச் சைவச் சமையல் போடுவார்கள்.

கரிவண்டி:
ஷிகோகுவின் ஈயா பள்ளத்தாக்கில் அரை மணிக்கு ஒரு பஸ் என்று போன மாதம் அடித்துவிட்டவரும் இதே மெல்லநடைதான். அவர் பேச்சை நம்பிக் அங்கே செடிக்கொடியால் பின்னிய பாலத்தைப் பார்க்கப் போனவர் எத்தனை மணி நேரம் நின்றார் என்று அந்தத் திரியிலேயே இருக்கிறது.

மெல்லநடை:
அது கோடைக்கால அட்டவணை. ஆயிரம் முறை சொல்லிவிட்டேன். உங்களுக்கு டிக்கெட்டோடு சண்டையா, என்னோடா?

புதுப்பயணி:
அண்ணே, ஏழு நாள் ஜேஆர் பாஸ் வாங்கிவிடட்டுமா?

கரிவண்டி:
2023 அக்டோபரில் 29,650-லிருந்து 50,000 யென் ஆக்கினார்களே, அதையா? வாங்குங்கள், அதுவும் ஏழு நாள் தொடர்ச்சிதான். மெல்லநடை, பேச்சை மாற்றாதீர்கள். ஃபுகௌராவில் இரண்டு நாள். டிக்கெட் என்ன ஆகும்?

மெல்லநடை:
ஃபுகௌராவில் இரண்டு நாள் தங்க அங்கே என்ன இருக்கிறது?

கரிவண்டி:
பார்த்தீர்களா எல்லாரும்? இவர்தான் நமக்குக் கிராமம் பார்க்கக் கற்றுத்தருகிறார்.

மெல்லநடை:
தனி மடலுக்கு வாருங்கள், அங்கே பேசிக்கொள்வோம்.

கரிவண்டி:
எதற்கு? இங்கேயே சொல்லுங்கள்.